கண்ணாடியில் தீட்டிய ஹாம்லெட்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் படமாக்கும் முயற்சி சலனப்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. 1900இல் வெளிவந்த குறும்படம் ஒன்றில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட் வேடமிட்டு வாட்போர் புரிந்தார். பிற்காலத்தில் பிபிசி 1978 முதல் 1985 வரை 37 நாடகங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, மூல வசனத்தைக் கூடியவரை குறைக்காமல் காப்பதில் கருத்தாக இருந்தது. இதற்கு நேரெதிர் வழியில் சென்றது, வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்ஃபோர்சிக்காக மாஸ்கோவின் சோயுஸ்முல்ட்ஃபிலிம் படக்கூடத்துக் கலைஞர்கள் உருவாக்கிய அனிமேஷன் தொடர்.

1992இல் ஆறும் 1994இல் ஆறுமாகப் பன்னிரண்டு நாடகங்கள் இத்தொடரில் அரைமணி நேரப் படங்களாயின. முழுமையாக மேடையேற்றினால் நான்கு மணி நேரத்தைத் தொடும் ஹாம்லெட்டை இவ்வளவு சுருக்கும் பொறுப்பு, இளையோருக்கான நாவல்களால் அறியப்பட்ட லியோன் கார்ஃபீல்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வசனத்தை எளிய நடையில் மாற்றி எழுதாமல், ஷேக்ஸ்பியரின் வரிகளையே தேர்ந்தெடுத்து, இடைவெளிகளைக் கதைசொல்லியின் குரலால் இணைத்தார். வெட்டப்பட்டவற்றின் பொருளைக் காட்சி சுமக்க வேண்டியிருந்ததால், தொடரின் வெற்றி தோல்வி பெரிதும் ஓவியர் கையில் இருந்தது.

1936இல் நிறுவப்பட்டு அரசின் பொருளுதவியால் வளர்ந்த சோயுஸ்முல்ட்ஃபிலிம் படக்கூடத்தில், சந்தையின் அவசரத்துக்கு ஆட்படாத பல நுணுக்கத் தொழில்முறைகள் வேரூன்றியிருந்தன. அவற்றுள் கடினமானது கண்ணாடி ஓவிய முறை: கண்ணாடித் தகட்டில் வண்ணத்தால் ஓர் உருவத்தைத் தீட்டிப் படமெடுத்தபின், அதே வண்ணத்தைச் சற்றே அழித்தும் நகர்த்தியும் அடுத்த படத்துக்கு ஆயத்தம் செய்வர். ஒவ்வொரு படமும் முந்தையதை அழித்தே பிறப்பதால், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. நடாலியா ஓர்லோவா இம்முறையில் இயக்கிய ஹாம்லெட்டில் முகங்கள் இருளிலிருந்து திரண்டு மீண்டும் கரைகின்றன. ஐயத்தால் உழலும் இளவரசனுக்கும், தோன்றி மறையும் தந்தையின் ஆவிக்கும் இதைவிடப் பொருந்தும் ஊடகம் அரிது. இதே தொடரில், பொம்மைகளை இம்மியளவு நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் முறையில் ஸ்தானிஸ்லாவ் சோகொலோவ் இயக்கிய 'தி டெம்பெஸ்ட்', மாயவித்தை நிறைந்த தீவுக்கதைக்கு ஏற்ற தொட்டுணரத்தக்க உலகத்தைப் படைத்தது.

பணிகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. படக்கூடத்தைத் தாங்கிய அரசே மறைந்த பின்னும் தொடர் நிற்கவில்லை. எனினும் வசனத்தைச் சுருக்கிக் காட்சியால் ஈடுசெய்யும் முறையால் எல்லா நாடகங்களுக்கும் ஒரே பயன் விளைந்துவிடவில்லை. துன்பியல் நாடகங்களில் சொல் குறைந்த இடத்தை நிழலும் நிறமும் நிரப்பின. இன்பியல் நாடகங்களிலோ சிரிப்பு பெரும்பாலும் சிலேடையிலும் சொல்லாடலிலும் பிறப்பதால், வரிகள் வெட்டுண்டபோது கதை எஞ்சியது, நகைச்சுவை மெலிந்தது.