மகளிர் மன்றமும் மான்ட்கோமரிப் பேருந்துகளும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில் 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கி 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு, மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகரை உலகறியச் செய்த நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. கிங் அந்நகருக்கு வந்ததே 1954இல்தான் என்பதால், பல்லாயிரம் பேரை ஒரே நாளில் பேருந்தில் ஏறாமல் நிறுத்திய கட்டுக்கோப்பு அவருக்கு முன்பே அங்கு உருவாகியிருக்க வேண்டும் என்பது வெளிப்படை.

நகரப் பேருந்தின் 36 இருக்கைகளில் முன்வரிசை இருக்கைகள் 10 வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. பயணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பினத்தவராக இருந்தும், அவ்விருக்கைகள் காலியாகக் கிடந்தால்கூட அவர்கள் அவற்றில் அமரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தியபின் கீழிறங்கிப் பின்வாசல் வழியே மீண்டும் ஏறுமாறு ஓட்டுநர்கள் அவர்களைப் பணிப்பது வழக்கமாக இருந்தது. காசு கொடுத்தவர் பின்வாசலை அடையுமுன் வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு.

அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை மேரி ஃபேர் பர்க்ஸ் 1946இல் மகளிர் அரசியல் மன்றத்தைத் தொடங்கினார். கறுப்பின ஆசிரியைகளையும் படித்த பெண்களையும் பெரும்பான்மையாகக் கொண்டிருந்த அம்மன்றம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டிருந்தது. 1949இல் அக்கல்லூரியில் பணியேற்ற ஜோ ஆன் ராபின்சன், கிட்டத்தட்ட வெறுமையாக இருந்த பேருந்தொன்றின் முன்பகுதியில் அமர்ந்தமைக்காக ஓட்டுநரின் வசைக்கு ஆளாகி அழுதபடி இறங்கியவர். அவர் மன்றத்தின் தலைவரானபின் பேருந்துக் குறைகளே அதன் முதன்மைக் கவலையாயின. 1954 மே 21 அன்று மேயருக்கு அவர் எழுதிய கடிதம், கறுப்பினத்தவர் பின்புறத்திலிருந்தும் வெள்ளையர் முன்புறத்திலிருந்தும் இருக்கைகளை நிரப்பும் முறையைக் கோரியதோடு, புறக்கணிப்பு குறித்து உள்ளூர் அமைப்புகள் பலவற்றில் பேச்சு நடப்பதையும் பணிவான நடையில் தெரிவித்தது. பிரிவினையை ஒழிக்குமாறு அக்கடிதம் கேட்கவில்லை. இந்த அடக்கத்தைக் கோழைத்தனமாகக் கொள்வது, மாநில அரசின் கல்லூரியில் ஊதியம் பெற்றுக்கொண்டு அதே அரசின் சட்டத்தோடு மோதியவர்களின் நிலையை அறியாத தீர்ப்பாகும்.

1955 மார்ச்சில் பதினைந்து வயது மாணவி கிளாடெட் கொல்வின் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானபோது போராட்டம் தொடங்கவில்லை. டிசம்பர் 1 அன்று, தையல் தொழில் செய்தவரும் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவருமான ரோசா பார்க்ஸ் கைதானார். இரயில் ஊழியர் சங்கத் தலைவர் ஈ. டி. நிக்சன் அவரைப் பிணையில் விடுவித்தார். அன்றிரவே ராபின்சன், சக ஆசிரியர் ஒருவருடனும் மாணவர் இருவருடனும் கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தைக் கொண்டு விடியுமுன் பேருந்துகளைப் புறக்கணிக்கக் கோரும் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு முடித்தார். ஒரு தாளில் ஒரே அறிவிப்பு மூன்றுமுறை பதிக்கப்பட்டு, பின்னர் தாள் மூன்றாக வெட்டப்பட்டது. பள்ளிகள், கடைகள், முடிதிருத்தகங்கள் வழியே அவை மறுநாளே ஊரெங்கும் பரவின. கல்லூரித் தலைவர் விளக்கம் கேட்டபோது, காகிதச் செலவை மன்றம் ஏற்கும் என ராபின்சன் உறுதியளித்தார்.

போராட்டத்தை நடத்த மான்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டு, அதற்குக் கிங் தலைவரானார். கறுப்பின வாடகைக் கார் ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமாகிய 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றபோது, குறைந்தபட்சக் கட்டண விதியைக் காட்டி நகராட்சி அதைத் தடுத்தது. ஆகவே சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் முறைவைத்து மற்றவர்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு பிறந்தது; தெருக்களை நன்கறிந்த அஞ்சல் ஊழியர்கள் ஏறுமிடங்களுக்கான வரைபடத்தை வகுத்துக் கொடுத்தனர். பெட்ரோல் செலவுக்கான பணத்தில் ஒரு பகுதி சமையலறைகளிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் திரட்டிய பெண்கள் பொரித்த கோழியும் கேக்கும் விற்றுச் சேர்த்த தொகையைத் திங்கட்கிழமைக் கூட்டங்களில் ஒப்படைத்தனர். கொடுத்தவர் எவரென எசமானர்கள் துருவக் கூடாது என்பதற்காகவே அக்குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த மன்றம்' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. கில்மோரோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபின் தம் வேலையை இழந்தார்.

நகராட்சி பேச்சுவார்த்தையில் இறங்கி வராததால், 1956 பிப்ரவரி 1 அன்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பேருந்துப் பிரிவினையே அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எளிய வேண்டுகோள் முழு உரிமைக் கோரிக்கையாக வளர்ந்தது இங்கேதான். வழக்கில் பார்க்ஸ் சேர்க்கப்படவில்லை. கொல்வினும், அவரைப் போலவே பேருந்துகளில் இழிவு கண்ட வேறு பெண்களும் வாதிகளாக நின்றனர். ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 அன்று மக்கள் மீண்டும் பேருந்தேறினர்.

வெற்றிக்குப்பின் பார்க்ஸ் 1957இல் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றார். மாநில அரசின் நெருக்குதலுக்குள்ளான கல்லூரியிலிருந்து ராபின்சன் 1960இல் வெளியேறினார். மன்றத்தின் பங்கை விரிவாகப் பதிவுசெய்த அவரது நினைவுநூல் 1987இல்தான் அச்சேறியது. கொல்வின்மீதான சிறார் குற்றப் பதிவை மான்ட்கோமரி நீதிமன்றம் நீக்கியது 2021இல். அப்போது அவருக்கு 82 வயது.