கட்டாரியின் கறுப்பு

அந்தக் கட்டாரியை முதலில் கையில் வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு இணைச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குப் பிடி. இறுகப் பற்றினால் அலகு முஷ்டியிலிருந்து நேராக நீளும். குத்தின் வலு தோளிலிருந்தே இறங்கும். விரல்களை மறைக்கும் அகன்ற மூடியில் யாளி முகம். தஞ்சாவூர் வேலைப்பாடு. அலகின் நடுவே நீண்ட பள்ளங்கள். ஐரோப்பிய வாளொன்றின் துண்டைத் தறையடித்துப் பொருத்தியிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு அலகுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு.

1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனது. அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. பல ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பல பழைய இரும்பாகிப் போயின. அதனால்தான் மிஞ்சிய ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தொடுகிறேன்.

உப்புத்தாள், புளி, எலுமிச்சை எதையும் அண்ட விடமாட்டேன். சிவந்து பொரியும் துருதான் பகை. எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டுவேன். இறுகிய கறுப்புப் படலத்தை அப்படியே விட்டுவிடுவேன். அது இரும்பின் வயது, அதன் கவசமும்கூட. பிறகு பழைய பருத்தித் துணியால் துடைத்து, மெழுகை மெல்லியதாகப் பூசுவேன். தோல் உறைக்குள் வைப்பதில்லை; தோலின் அமிலமும் ஈரமும் இரும்பை அரிக்கும். வெறுங்கையால் தொடுவதுமில்லை, வியர்வையின் உப்பு விரல்ரேகையையே துருவாக எழுதிவிடும்.

பளபளப்பாக்குவது ஒரு மணி நேர வேலை. அதில் அழிந்த கொல்லனின் சுத்தியல் தடத்தை யாராலும் மீட்க முடியாது.