குந்திரிக்கம்
குந்திரிக்கம் என்பது போசுவெல்லியா பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் பட்டையிலிருந்து வடியும் நறுமணப் பிசின். பறங்கிச் சாம்பிராணி என்றும் பெயருண்டு. கடைகளில் சாம்பிராணி எனப் பொதுவாக விற்கப்படுவது பெரும்பாலும் வேறு மரத்தின் பிசினாதலால் இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

போசுவெல்லியா சாக்ரா ஓமானின் தோஃபார், ஏமன், சோமாலியா பகுதிகளிலும், பாப்பிரிஃபெரா எத்தியோப்பியா, சூடான், எரித்ரியாவிலும், செர்ராட்டா இந்தியாவிலும் வளர்கின்றன. தோஃபாரில் மிங்காஃப் என்னும் சிறு உளியால் பட்டையை மெல்லச் சீவுவர். கீறலில் பால்போல் ஊறும் திரவம் துளித்துளியாகத் திரண்டு, சில வாரங்களில் கெட்டியாகிறது. அதன் பின்னரே சுரண்டி எடுப்பர். வெளிறிய, ஒளி ஊடுருவும் மணிகளுக்கு விலை அதிகம்.

கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசி ஹட்செப்சுட் புந்து நாட்டுக்குக் கப்பல்கள் அனுப்பி நறுமண மரங்களை வேரோடு கொணர்வித்ததை தெய்ர் எல்-பஹாரி கோயிற் புடைப்புச் சிற்பங்கள் காட்டுகின்றன. குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் அளித்த காணிக்கைகளுள் குந்திரிக்கமும் ஒன்று. தோஃபாரின் பழந்துறைமுகமான சும்ஹுரத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருப்பது தமிழக வணிகத் தொடர்புக்குச் சான்று. அத்துறைமுகம் உள்ளிட்ட ஓமானின் 4 இடங்கள் 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

தூபம், வாசனைத் திரவியம், ஆவியில் வடித்த எண்ணெய் ஆகியவை முதன்மைப் பயன்கள். செர்ராட்டா பிசின் ஆயுர்வேதத்தில் மூட்டு வீக்கத்துக்குத் தரப்படுகிறது. அளவுமீறிச் சீவிய மரங்களில் முளைக்கும் விதைகள் குறைகின்றன. கால்நடை மேய்ச்சலும் தீயும் இளங்கன்றுகளை அழிப்பதால் எத்தியோப்பியக் காடுகளில் புதிய மரங்கள் அரிதாகிவிட்டன.