மெய்ப்பாடு

மெய்ப்பாடு என்பது உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாவதைக் குறிக்கும் தமிழ் இலக்கணச் சொல். மெய் என்றால் உடல். படுதல் என்றால் தோன்றுதல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் 9 இயல்களில் ஆறாவதான மெய்ப்பாட்டியல் இதைப் பற்றியது. வடமொழியில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது பரதரின் நாட்டிய சாஸ்திரம் வகுத்த ரசக் கோட்பாடு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அப்படி அவசரப்பட மாட்டார்கள்.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் 8. ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு நான்காக 32. இந்தக் களங்களில்தான் இயலின் உயிர் இருக்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கால் பிறக்கும். பேய், புலி, திருடன் என்ற வரிசையில் சொந்த அரசனையும் சேர்த்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். 'நாளை காலை என் அறைக்கு வரவும்' என்று மட்டும் இரவு பதினோரு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தால் தூக்கம் போவது இந்த நான்காவது களத்தால். வியப்பு என்னும் மருட்கை பெருமையால் பிறப்பதுபோல் சிறுமையாலும் பிறக்கும்; அரிசியில் பெயர் எழுதித் தருபவரைச் சுற்றித் திருவிழாவில் கூட்டம் கூடுவது அதனால்.

இளிவரலைப் பலரும் வடமொழியின் பீபத்சத்தோடு, அதாவது அருவருப்போடு, சமன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் களங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கண்ணுக்குப் பிடிக்காததைப் பார்த்து முகம் சுளிப்பது பீபத்சம். முதுமையும் நோயும் ஒருவரைச் சிறுத்துப்போகச் செய்யும்போது தோன்றுவது இளிவரல். கைப்பேசியில் பணம் அனுப்புவது எப்படி என்று மகனிடம் மூன்றாவது முறையாகக் கேட்கும் தகப்பனின் முகத்தில் அதைப் பார்க்கலாம். பெருமிதமும் அப்படித்தான். பரதரின் வீரத்துக்கு அடிப்படை உற்சாகம். தொல்காப்பியரின் பெருமிதத்தில் தறுகண் என்னும் அஞ்சாமையோடு கல்வி, புகழ், கொடை மூன்றும் சேர்கின்றன.

நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் ரசத்தையும் பாவம் என்னும் உணர்ச்சி நிலையையும் விளக்குகின்றன. நிலையான பாவங்கள் 8, வந்துபோகும் பாவங்கள் 33, வியர்வை, மயிர்க்கூச்செறிதல் போன்ற சாத்துவிக பாவங்கள் 8, ஆக 49. பல பொருள்கள் கூடிச் சமைந்த உணவில் சுவை பிறப்பதுபோல் இவற்றின் கூட்டில் ரசம் பிறக்கிறது என்கிறார் பரதர். மேடையில் நடக்கும் சோகத்தைக் காசு கொடுத்துப் பார்த்து அழுது மகிழ்வது ஏன் என்ற கேள்வியைக் காஷ்மீரத்து அறிஞர்கள் விடாமல் துரத்தினார்கள். அந்தத் துயரம் என்னுடையதும் இல்லை, மேடையில் இருப்பவனுடையதும் இல்லை, பொதுவானதாகிவிடுகிறது என்றார் பட்டநாயகர். 1000ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த அபிநவகுப்தர் அதை மேலும் விரித்தார். சாந்தம் ஒன்பதாவது ரசமாக நிலைபெற்றதில் அவருடைய வாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்ப் பேச்சில் நவரசம் என்ற சொல் வேரூன்றிவிட்டது. சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் போட்ட நவராத்திரி (1964) ஓர் எடுத்துக்காட்டு. எட்டு மெய்ப்பாடுகளின் பெயரைக் கேட்டால் தமிழாசிரியரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கேரளத்துக் கூடியாட்டத்திலும் கதகளியிலும் ரச இலக்கணம் இன்றும் உடலில் பழக்கப்படுகிறது. நடிகர் சுண்டைப்பூவிலிருந்து எடுத்த சிறு மணியை உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டிக் கறுக்கவைத்துக் கீழிமைக்குள் வைத்துக்கொள்வார். சற்று நேரத்தில் வெண்விழி சிவந்துவிடும். விளக்கின் ஒளியில் கண்ணசைவு ஒவ்வொன்றும் தெரிவது அதனால்.

தொல்காப்பியர் காதலின் தொடக்கக் குறிகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துகிறார். பெண்ணின் நெற்றி வியர்க்கிறது. வந்த சிரிப்பை மறைக்கிறாள். பிறகு கூந்தலை அவிழ்த்து விரிக்கிறாள், காதணி ஒன்றைக் கழற்றுகிறாள், போட்டிருக்கும் நகையைத் தடவுகிறாள், உடையைக் குலைத்துத் திரும்ப உடுக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் துப்பட்டாவை நான்காவது முறை சரிசெய்யும் பெண்ணைக் கண்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

உரையாசிரியர் இளம்பூரணர் உணர்ச்சியைச் சங்கிலியாகக் காட்டுகிறார். பேய் போன்ற ஒரு பொருளைக் கண்டது முதல் நீங்காமல் நிற்கும் அச்சம் சுவை. அதனால் வரும் மயக்கமும் ஒளிதலும் குறிப்பு. நடுக்கமும் வியர்ப்பும் சத்துவம். காண்பவருக்கு அது புலனாவதே மெய்ப்பாடு. பொருள், உணர்ந்தவர், உடல், காண்பவர் என்று நான்கு கண்ணிகள் இதில் உண்டு.

இக்காலத்தில் உணர்ச்சியறியும் மென்பொருள்கள் உடல் என்னும் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு உணர்ந்தவரின் உள்ளத்துக்குப் போகப் பார்க்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு அடித்தளம் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனின் கொள்கை: சினம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு ஆகிய ஆறும் உலகெங்கும் முகத்தில் ஒரேவிதமாகத் தெரியும் என்பது. ஆறில் பெருமிதம் இல்லை, இளிவரலும் இல்லை. முகத்தை மட்டும் வைத்து உள்ளத்தைச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா பெல்ட்மன் பாரெட் போன்றோர் இக்கொள்கையை மறுக்கிறார்கள்.

வியர்வையையே எடுத்துக்கொள்வோம். இளம்பூரணரிடம் அது அச்சத்தின் அடையாளம். காதல் குறிகளில் நெற்றி வியர்ப்பது தொடக்கத்திலேயே வருகிறது. எட்டுக்கு அப்பால் தொல்காப்பியர் தரும் வேறு 32 மெய்ப்பாடுகளில் வியர்த்தல் தனியாகவும் நிற்கிறது. நேர்காணலுக்காகக் கேமராவின் முன் உட்கார்ந்திருப்பவரின் நெற்றி வியர்வை இவற்றில் எது, அல்லது மின்விசிறி ஓடாததுதான் காரணமா என்பது அவர் எதிரே இருப்பது யார், என்ன என்று தெரிந்தால்தான் விளங்கும். பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.