ஹோகி: தீவா, தீனிக்காரனா?

பிலடெல்பியாவின் ஹோகியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே ஹாக் ஐலண்டுக்குப் படகு ஏறிவிடுகிறார்கள். முதல் உலகப்போரின்போது அங்கே கப்பல் கட்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் நீள ரொட்டியைப் பிளந்து, இறைச்சியும் சீஸும் அடைத்துச் சாப்பிட்டார்களாம். தீவின் பெயரே அந்தச் சாப்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டதாம். 1992இல் மேயர் எட் ரெண்டல் ஹோகியைத் தம் நகரத்தின் அதிகாரபூர்வ சாண்ட்விச்சாக அறிவித்தார். அந்தப் பெருமை நகரத்துக்குத் தகும். ஆனால் ஊர்ப் பெருமை சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

காலத்தைப் பாருங்கள். ஹாக் ஐலண்ட் தளத்தில் 122 கப்பல்கள் கட்டப்பட்டன. 1921இல் வேலை முடிந்துவிட்டது. இன்று அந்த இடத்தில் நகரத்தின் விமான நிலையம் இருக்கிறது. நம் சொல்லோ, தளம் மூடிப் பல ஆண்டுகள் கழித்தே அச்சில் தலைகாட்டுகிறது. 1940களின் தொலைபேசி டைரக்டரிகளில்கூட ஹாகி, ஹோகி என்று எழுத்து நிலைகொள்ளாமல் ஆடுகிறது. அந்தத் தீவு ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் வேறு: அங்கே கட்டிய கப்பலுக்கு ‘ஹாக் ஐலண்டர்’ என்று பெயர். ஊர்ப்பெயர் முழுதாக நிற்கிறது, ஈற்றில் விகுதி ஏறியிருக்கிறது. ஊரிலிருந்து பெயர் பிறக்கும் முறை அதுதான். கப்பலுக்கு முழுப்பெயரைக் கொடுத்த அதே தீவு, ரொட்டிக்கு மட்டும் பாதிப்பெயரை ஏன் கொடுக்க வேண்டும்?

ஐஸ்கிரீம் விற்ற ‘ஹோக்கி போக்கி’ வண்டிக்காரர்களிடமிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஓசை ஒற்றுமையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

சொல்லை ஆராயுமுன் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்து பார்த்தால் விளங்கும். ஒரு சாணுக்கு மேல் நீளமான, தோல் முறுகலான ரொட்டியைப் பக்கவாட்டில் கீறுங்கள். முதுகு அறுந்துவிடக் கூடாது. முதலில் புரோவலோன் சீஸை இருபுறமும் ஒட்டி அடுக்க வேண்டும். பின்னால் ஊற்றும் எண்ணெயும் வினிகரும் ரொட்டியை ஊறவைக்காமல் தடுப்பது அந்த அடுக்குதான். அதன்மேல் சலாமி, கப்பிகோலா, ஹாம் எல்லாம் காகிதம்போல் சீவி, தட்டையாக அழுத்தாமல் மடித்து மடித்து வைக்க வேண்டும். பிறகு தக்காளி, வெங்காயம், பொடியாக அரிந்த லெட்டூஸ். தக்காளியின்மேல் உப்பும் ஓரிகனோவும், கடைசியாக எண்ணெயும் வினிகரும். காகிதத்தில் இறுகச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து நடுவில் வெட்டினால், பாதித்துண்டே இரண்டு கைக்கும் வேலை வைக்கும். வாயை அகலத் திறக்காமல் கடிக்க முடியாது. இந்த வாய்தான் நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

அடுக்கிய பண்டங்களின் பெயர்களையும் விட மனமில்லை. கப்பிகோலா என்பது இத்தாலியத்தின் கபோகோல்லோ. கபோ தலை, கோல்லோ கழுத்து, அந்தப் பகுதியின் பன்றி இறைச்சி. தெற்கு இத்தாலியப் பேச்சில் ககரம் மெலிந்து, ஈற்றுயிர் விழுந்து, நியூ ஜெர்சி இத்தாலியர் வாயில் அது ‘கபகூல்’ ஆயிற்று. கொச்சை என்று அதைச் சிரிக்கிறவர்கள் ஒலிமாற்றத்தின் ஒழுங்கை அறியாதவர்கள். இதே இனத்து இத்தாலிய இறைச்சிப் பண்டமான மொர்த்தடெல்லாவின் பெயர், இறைச்சியை இடித்த உரலிலிருந்து பிறந்தது என்பார் ஒரு சாரார். மிர்ட்டில் பழம் சேர்த்ததால் வந்தது என்பார் மறு சாரார். இவற்றை விற்கும் ‘டெலி’யை ஜெர்மன் ‘எஸ்ஸன்’, அதாவது உண்ணல், என்னும் சொல்லோடு முடிச்சுப் போடுவது பிழை. டெலிகாடெஸன் என்பது பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்குப் போன டெலிகாடெஸ்ஸ என்பதன் பன்மை மட்டுமே. இத்தாலியர் ரொட்டியைப் பானே என்பதும் யாழ்ப்பாணத்தார் பாண் என்பதும் ஒரே லத்தீன் வேரின் கிளைகள். யாழ்ப்பாணத்துக்கு அது வந்தது போர்த்துக்கீசர் வழி.

இனி இந்த ரொட்டியின் மற்றப் பெயர்கள். எட்வின் ஈம்ஸ், ஹவர்ட் ராபாய் இருவரும் 1967இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் இவற்றைத் திரட்டி எழுதினார்கள். அவற்றுள் முக்கியமானவற்றை நான் இரண்டு கூட்டமாகப் பிரிப்பேன். சப்மரீன், டார்பீடோ, செப்பலின் மூன்றும் வடிவத்தால் வந்தவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனெக்டிகட் கடற்படைத் தளத்தில்தான் சப்மரீன் என்ற பெயர் பிறந்தது என்று சொல்வதும் நிற்காது. 1940ஆம் ஆண்டு வில்மிங்டன் டைரக்டரியிலேயே சப்மரீன் சாண்ட்விச் விற்பனைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது கூட்டம் தின்பவனைச் சுட்டுவது. நியூ ஆர்லியன்ஸில் 1929இல் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு அதே வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாகச் சாண்ட்விச் கொடுத்தார்கள். வந்து கேட்டவன் ‘புவர் பாய்’; அவன் பெயர் ரொட்டிக்கு ஏறி ‘போ பாய்’ ஆயிற்று. பிரெஞ்சு ‘பூர்புவார்’ என்று இழுப்பது வீண். நியூ இங்கிலாந்தின் ‘கிரைண்டர்’ கடைவாய்ப்பல்லின் பெயர். நியூயார்க்கின் ‘ஹீரோ’ இதைத் தின்று முடிக்கும் வீரன். கிரேக்கக் ‘கைரோ’விலிருந்து வந்தது என்பவர்கள், ஹீரோ 1940களிலேயே அச்சேறியதையும் கைரோ அமெரிக்காவில் பரவியது பல ஆண்டுகள் பிந்தி என்பதையும் கவனிப்பதில்லை.

இவற்றின் தாய்ச்சொல்லே இந்த வழியில் வந்ததுதானே? சாண்ட்விச் என்பது ஜான் மாண்டேகு என்னும் பிரபுவின் பட்டப்பெயர். எட்வர்ட் கிப்பன் 1762இல் தம் நாட்குறிப்பில் அச்சொல்லை எழுதியிருக்கிறார். கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்று ஊர் இருக்கிறதே என்று மறுப்பவர்க்கு ஒரு வார்த்தை: ரொட்டிக்குப் பெயர் கொடுத்தது ஊரன்று, அவ்வூரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய ஆள்.

ஆகவே பிலடெல்பியாவில் கடை வைத்திருந்த இசைக்கலைஞர் ஆல் டி பால்மா சொன்னதே எனக்கு உகந்தது. இத்தனை பெரிய ரொட்டியை ஒருவன் தின்னக் கண்டு, இதைத் தின்ன ‘ஹாக்’ ஆக இருக்க வேண்டும், அதாவது பன்றியாக, என்று தமக்குத் தோன்றியதாகவும், பொருளாதார மந்தக் காலத்தில் கடை திறந்து ‘ஹாகி’ என்று விற்றதாகவும் அவர் சொன்னார். கடைக்காரர் தம் கடையைப் பற்றிச் சொன்ன கதை என்று இதைத் தள்ளுவார்கள். தள்ளட்டும். டைரக்டரிகளில் கிடைக்கும் எழுத்து இதற்கு இசைகிறது, காலம் இசைகிறது, உடன்பிறந்த பெயர்களின் குணமும் இசைகிறது. ஹாக் ஐலண்ட் தளம் நடந்த நாளில் அச்சான ஒரு தாளில் இந்தச் சொல்லைக் காட்டும்வரை, ஹோகி தீவின் பிள்ளை என்பதை நான் ஏற்கமாட்டேன்.