இன்காப் பாதை: அரச வழியிலிருந்து நடைப்பயண வழிக்கு

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில் மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகருக்குச் செல்லும் இன்காப் பாதை சுமார் 43 கி.மீ. நீளமுள்ளது. 15ஆம் நூற்றாண்டில் இன்காப் பேரரசு அமைத்த, 30,000 கி.மீ.க்கும் மேலான சாலை வலையமைப்பின் ஒரு கிளை இது. இன்காக்களிடம் சக்கர வண்டியோ குதிரையோ இல்லை. மனிதரும் லாமாக்களும் நடப்பதற்கென்றே பாதை அமைந்ததால், செங்குத்தான சரிவுகளில் கற்படிகள் போடப்பட்டன. சுமார் 4,200 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்ததும், வழி ஈரம் மிகுந்த மேகக்காடுகளுக்குள் இறங்குகிறது.

ஸ்பானியர் படையெடுப்பில் பேரரசு வீழ்ந்தபின் இப்பாதையைக் காடு மூடியது. 1911இல் ஆய்வாளர் ஹைராம் பிங்கம் மச்சு பிச்சுவை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1915இல் அவரது குழு பழைய சாலையின் பகுதிகளை ஆராய்ந்தது. 1940களின் தொடக்கத்தில் ஆய்வாளர் பால் ஃபெஜோஸின் குழு வழியோர இடிபாடுகள் பலவற்றைத் துப்புரவு செய்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதுகுப்பையுடன் நண்பர்கள் இருவராகவே இங்கு நடந்துவிட முடிந்தது. கூட்டம் பெருகியதும் குப்பையும் மண்ணரிப்பும் பெருகின. 2000களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயமானார். சுமைதூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி என வரையறுக்கப்பட்டது. சுமைதூக்குவோரில் பெரும்பாலானோர் கெச்சுவா பழங்குடி உழவர்கள். அவர்கள் தூக்கும் எடைக்கு 20 கிலோ வரம்பு வந்தது. பராமரிப்புக்காக ஆண்டுதோறும் பிப்ரவரியில் பாதை மூடப்படுகிறது.