புருவத்தை மழித்துக்கொண்ட ஜார்ஜியா



சிரிக்கவைக்கும் நாட்குறிப்பு நாவலின் கதையை இன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் இது 1888-இல் 'பஞ்ச்' இதழில் பிரபலமானது. கிராஸ்மித் சகோதரர்கள் எழுதிய 'தி டைரி ஆஃப் எ நோபடி' அதில்தான் தொடராக வந்தது. அதன் நாயகன் பூட்டர் ஒரு சாதாரண குமாஸ்தா. தன்னைப் பெரிய மனிதராக நினைத்து எழுதுவார். படிக்கிற நமக்கு உண்மை தெரியும். எழுதுகிறவருக்குப் புரியாதது வாசகருக்குப் புரிந்துவிடும். இந்த வகை நகைச்சுவையின் சூட்சுமமே அதுதான்.

1982-இல் சூ டவுன்சென்ட் அந்தப் பேனாவை 13¾ வயது ஏட்ரியன் மோல் என்ற பையனிடம் கொடுத்தார். 1996-இல் ஹெலன் ஃபீல்டிங்கின் பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற முப்பதுகளில் இருக்கும் பெண் நூலாக வந்தாள். இந்த வரிசையில் 1999-இல் வந்து சேர்ந்தவள்தான் 14 வயது ஜார்ஜியா நிக்கல்சன். எழுதியவர் லூயிஸ் ரெனிசன். நூலின் பெயர் 'ஆங்கஸ், தாங்ஸ் அண்ட் ஃபுல்-ஃப்ரன்டல் ஸ்னாகிங்'. இதைத் தமிழில் பெயர்க்க எனக்குக் கூச்சம், விட்டுவிடுகிறேன். ஆங்கஸ் என்பது அவள் வளர்க்கும் முரட்டுப் பூனை.

ஜார்ஜியா விருந்துக்கு ஆலிவ் காய் வேடத்தில் போவாள். புருவத்தைத் திருத்தப்போய் முழுதாக மழித்துவிடுவாள். மூக்கு பெரிது என்று ஓயாமல் புலம்புவாள். அவள் அப்பா வேலை தேடி நியூசிலாந்து போவார். ரெனிசனின் குடும்பமும் அவருடைய 15-ஆம் வயதில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்ததுதான். சிரிப்புக்கு அடியில் சொந்த வாழ்க்கை இருக்கிறது, பாருங்கள்.

இந்த நூல் அமெரிக்கா போனபோது, ஜார்ஜியாவின் இங்கிலாந்துக் கொச்சைக்கு அவள் குரலிலேயே ஓர் அருஞ்சொற்பொருள் சேர்த்தார்கள். அதுவும் சிரிப்புதான்! 2001-இல் அமெரிக்க நூலகச் சங்கம் இதற்குப் பிரின்ட்ஸ் சிறப்பு நூல் என்ற மதிப்பைத் தந்தது. நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லிப் புகார்கள் வந்த நூல்களின் பட்டியலையும் அதே சங்கம் தொகுக்கிறது. 2000-2009 காலத்துக்கான அந்த நூறில் இந்த வரிசையும் உண்டு. ஒரு பக்கம் பாராட்டு, இன்னொரு பக்கம் புகார்!

எதற்காக இத்தனை புகார்? முத்தம், உள்ளாடை, உடம்பைப் பற்றிய கவலை எல்லாவற்றையும் அந்தப் பெண் வெளிப்படையாக எழுதிவிட்டாள். அந்த வயதுப் பெண்ணின் மனத்தில் இவை ஓடுவது இயல்பு. அதைச் சொல்லவிடாமல் தடுத்தால் அது அவமானமாக உள்ளே தங்கிவிடும். சொல்லிச் சிரித்துவிட்டால் பாரம் குறையும். "எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று தவிக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

ஜார்ஜியாவின் கதை 2009-க்குள் பத்து நூல்களாக வளர்ந்தது. 2008-இல் குரீந்தர் சட்டா அதைப் படமாக எடுத்தார். ரெனிசன் 2016-இல் மறைந்தார்.

வீட்டில் பதின்வயதுப் பெண் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் ஏதாவது எழுதினால் எழுதட்டும். அந்த நோட்டை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள்.